தோளுக்கு ஒரு மெத்தை

திருமயம் கோட்டைக்குப் போகிறவர்கள் மலையுச்சிக்கு ஏறி, அங்கே இருக்கும் பீரங்கியைத் தொட்டுப் பார்க்காமல் இறங்குவதில்லை. அடிவாரத்தில் பாறையைக் குடைந்து அமைத்த சிவன் கோயிலும் விஷ்ணு கோயிலும் இருக்கின்றன. ஊரோ, தீரர் சத்தியமூர்த்தி 1887-ஆம் ஆண்டில் பிறந்த ஊர். கும்பிடவும் நினைக்கவும் இத்தனை இருந்தும், கூட வந்த குழந்தைகளுக்குப் பீரங்கிதான் பெரிது. "இதைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகும்?" என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. பெரியவர்களும் தெரிந்ததையும் தெரியாததையும் கலந்து ஏதோ ஒரு தூரத்தைச் சொல்லி வைப்பார்கள்.

ஆனால் அந்தக் காலத்தில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்த சிப்பாய்க்கு முதல் கவலை வேறு. "சுட்டால் இந்தப் பீரங்கி எவ்வளவு தூரம் பின்னால் வரும்?" என்பதே அவனுடைய கேள்வி. குண்டு போய் விழும் இடத்தில் அவன் இல்லை. பீரங்கி வந்து மோதும் இடத்தில் அல்லவா நிற்கிறான்!

இந்த வாரம் அந்தச் சிப்பாயின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். குழந்தைகளின் கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். அதற்கும் புதுக்கோட்டைச் சீமையிலேயே பதில் இருக்கிறது.

*  *  *

திருமயம் கோட்டையை இராமநாதபுரத்துச் சேதுபதி 1687-ஆம் ஆண்டில் கட்டினார் என்பது சரித்திரம். அதே 1687-ஆம் ஆண்டில்தான் இங்கிலாந்தில் நியூட்டன் தம்முடைய 'பிரின்ஸிபியா' என்னும் நூலை வெளியிட்டார். ஒரு பொருள் இன்னொன்றைத் தள்ளினால், தள்ளப்பட்ட பொருளும் அதே அளவுக்குத் திருப்பித் தள்ளும் என்பது அந்த நூலில் கண்ட விதிகளில் ஒன்று. சேதுபதியின் சேவகர்களுக்கு நியூட்டனைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் அந்த விதியை அவர்கள் அறிந்திருந்தார்கள். பீரங்கி அவர்களுக்கு அதைத் தினமும் கற்பித்துக்கொண்டிருந்தது.

குண்டு முன்னால் பாயும்போது பீரங்கி பின்னால் ஓடும். ஓடியதை மறுபடியும் இழுத்து வந்து, பழைய இடத்தில் நிறுத்தி, புதிதாகக் குறி பார்க்கவேண்டும். இப்படி ஒவ்வொரு வெடிக்கும் பத்துப் பேர் வியர்வை சிந்தினார்கள். இந்தத் தொல்லைக்குச் சரியான பரிகாரம் கண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1897-இல் அவர்கள் செய்த 75 மில்லி மீட்டர் பீரங்கியில், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். குழல் மட்டும் பின்னால் வழுக்கிப் போகும். போகிற வேகத்தை ஓர் உருளைக்குள் இருக்கும் எண்ணெயும் அமுக்கப்பட்ட காற்றும் வாங்கிக்கொண்டு, குழலை மெள்ள முன்னிடத்துக்குக் கொண்டுவந்து வைக்கும். குறி கலைவதில்லை. உதை என்பதை ஒழிக்க முடியாது, ஆனால் அதைக் கொஞ்ச நேரத்துக்கும் கொஞ்ச தூரத்துக்கும் பரப்பிவிடலாம் என்று உலகம் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

ரயிலில் பிரயாணம் செய்கிறவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருக்கலாம். பழைய வண்டித் தொடர்களில் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே இரும்புத் தட்டுகள் ஸ்பிரிங்கின்மேல் பொருத்தப்பட்டிருக்கும். அதற்குப் 'பஃபர்' என்று பெயர். இஞ்சின் வந்து மோதும்போது அந்தப் பஃபர் உள்வாங்கிக்கொள்வதால்தான் மேல் பலகையில் தூங்கும் மாமா கீழே வந்து விழாமல் இருக்கிறார். பீரங்கியில் எண்ணெய் செய்ததும் இந்த வேலையே. கையில் பிடிக்கும் ரைபிளுக்குள்ளேயும் இப்போது ஒரு பஃபர் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்பதும் சீராக அமைப்பதும் ஒரு தனிக் கலை.

*  *  *

கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்திருந்தவர்களுக்கு ரைபிளின் உதையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. முதல் நாள் பழைய 303 ரைபிளின் அடிக்கட்டையைத் தோளோடு இறுக்கிப் பிடிக்காமல் சுட்டுவிட்டு, மறுநாள் சட்டை போடச் சிரமப்பட்டவர்கள் பலர் உண்டு. அந்த ரைபிளில் ஒவ்வொரு தடவையும் கையால் போல்ட்டை இழுத்துக் காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றவேண்டும்.

பாதித் தானியங்கி ரைபிளில் இந்தக் கைவேலை கிடையாது. விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு போகும். குண்டின் பின்னால் விரைந்து வரும் வெடிமருந்துப் புகையில் ஒரு சிறு பங்கைக் குழலிலுள்ள துவாரத்தின் வழியாகப் பிரித்து எடுத்து, அதைக்கொண்டே போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். போல்ட் போகிற போக்கில் காலிக் கூட்டை வெளியே வீசுகிறது. பின்னால் உள்ள ஸ்பிரிங்கை அமுக்குகிறது. ஸ்பிரிங் திருப்பித் தள்ள, போல்ட் முன்னே வரும்போது மாகஸின் எனப்படும் தோட்டாப் பெட்டியிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்துக் குழலில் செருகுகிறது. இத்தனையும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நடந்து முடிகிறது.

எந்த ரைபிளிலும் ஸ்பிரிங் உண்டு. அது இருக்கும் இடம்தான் வேறுபடும். நம் நாட்டு ராணுவம் நெடுங்காலம் வைத்திருந்த எஸ்.எல்.ஆர். ரைபிளில் ஸ்பிரிங் அடிக்கட்டைக்குள் இருந்தது. அதன் பின் வந்த இன்சாஸ் ரைபிளில் உடற்பகுதியிலேயே இருக்கிறது. அமெரிக்க யந்திர நிபுணர் யூஜீன் ஸ்டோனர் 1950-களில் வகுத்த ஏ.ஆர். வகை ரைபிளிலோ, அடிக்கட்டைக்குள் ஒரு நீளமான குழாய், குழாய்க்குள் ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் தலையில் பஃபர். 2019-இல் நம் ராணுவத்துக்காக 72,400 வாங்க ஒப்பந்தமான 'சிக் 716' ரைபிளும் இந்த மாதிரி அமைப்புடையதே.

பஃபரைப் பார்த்தால் பெரிய அதிசயம் ஒன்றும் தெரியாது. கட்டைவிரல் பருமனுள்ள ஓர் உலோக உருளை. ஆனால் உள்ளே மூன்று சிறு எடைத் துண்டுகள் தளர்வாக அசைந்துகொண்டிருக்கும். அவை ஏன் தளர்வாக இருக்கவேண்டும்? போல்ட் முன்னே வந்து வேகமாக மூடும்போது, பந்து சுவரில் பட்டுத் துள்ளுவதுபோல் துள்ளப் பார்க்கும். அந்தக் கணத்தில் உள்ளே இருக்கும் துண்டுகள் சற்றுப் பிந்தி வந்து ஒரு தட்டுத் தட்டி, துள்ளலை அடக்கிவிடுகின்றன. குறும்புக்காரப் பையனை உட்காரச் சொல்லிவிட்டு, அவன் எழுந்திருப்பதற்குள் தோளில் கை வைத்து அழுத்தும் வாத்தியாரைப் போல.

குட்டையான ரைபிளுக்குரிய சாதாரணப் பஃபர் சுமார் 85 கிராம் எடை இருக்கும். உள்ளே இருக்கும் எஃகுத் துண்டுகளில் ஒன்றை எடுத்துவிட்டு அதே அளவுள்ள டங்ஸ்டன் துண்டை வைத்தால் சுமார் 108 கிராம் ஆகும். இரண்டை மாற்றினால் சுமார் 130. மூன்றையும் மாற்றினால் 150-க்கு மேல். இந்த இருபது கிராம், நாற்பது கிராம் வித்தியாசத்தில்தான் எல்லா ரகசியமும் அடங்கியிருக்கிறது.

*  *  *

கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரை நேயர்கள் கவனித்திருப்பார்கள். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் தேரை நடத்துகிறவர் உண்மையில் அவர்தான். கட்டை சிறிதானால் சக்கரம் அதன்மேல் ஏறிப் போய்விடும். பெரிதானால் தேர் நிலைகுத்தி நின்றுவிடும். பஃபரின் கதையும் அதுதான்.

பஃபர் இலேசாக இருந்தால் போல்ட் மிக வேகமாகப் பின்னால் ஓடும். காலிக் கூடு குழற்சுவரை விட்டு நெகிழ்வதற்கு முன்பே அதைப் பிடுங்கி இழுப்பதால் கூட்டின் விளிம்பு கிழியலாம். பெட்டியில் உள்ள அடுத்த தோட்டா மேலே எழும்பி வருவதற்குள் போல்ட் முன்னே ஓடி வந்துவிடலாம். ஒவ்வொரு வெடிக்கும் போல்ட் பின்சுவரில் மோதுவதால் தோள் வலிக்கும். யந்திரமும் சீக்கிரம் தேயும். பஃபர் கனமாக இருந்தால் இதற்கு நேர்மாறு. போல்ட் முழுத் தூரமும் பின்னால் போகாது. காலிக் கூடு வெளியே விழாமல் வாசலிலேயே சிக்கிக்கொள்ளும். அல்லது அடுத்த தோட்டா ஏறாது.

ஆகவே தேர்ந்த ஆயுதப் பணியாளர் எடுத்த எடுப்பில் பஃபரை மாற்றமாட்டார். முதலில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்; தளர்ந்த ஸ்பிரிங்கோடு கனமான பஃபரைச் சேர்ப்பது ஜுரத்துக்குக் கம்பளி போர்த்துவதைப் போன்றது. பிறகு அழுக்கைத் துடைத்து எண்ணெய் இடுவார். எந்த வகைத் தோட்டாவைப் பிரயோகிக்கப் போகிறார்களோ அந்த வகையைக் கொண்டே சோதிப்பார். பெட்டியில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுச் சுடுவார். கடைசித் தோட்டா தீர்ந்ததும் போல்ட் பின்னாலேயே நின்றுகொள்ளவேண்டிய ரைபிளில், அது அப்படி நின்றால் போதிய தூரம் போயிருக்கிறது என்று அர்த்தம்.

பின்னர் காலிக் கூடுகள் விழும் திசையைக் கவனிப்பார். சுடுகிறவர் பார்க்கும் திசையைக் கடிகாரத்தின் 12 என்று வைத்துக்கொண்டால், கூடுகள் 3-க்கும் 4-க்கும் நேராக விழுவது பொதுவாக நல்ல லட்சணம். 1, 2 என்று முன்பக்கமாகப் பறந்தால் போல்ட் அவசரப்படுகிறது, எடையைக் கூட்டலாம். 5-க்கு நேராகச் சோர்ந்து விழுந்தால் எடையைக் குறைக்கலாம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்யவேண்டும். பஃபரையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றினால், குணமானது எந்த மருந்தால் என்று வைத்தியருக்கே தெரியாமல் போய்விடும்.

எஸ்.எல்.ஆர். ரைபிளைக் கையாண்ட நம் ஜவான்கள் இதே விஷயத்தை வேறு வாசல் வழியாகச் சாதித்தார்கள். அதில் புகையின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு வளையம் உண்டு. காலிக் கூடு வெளியே விழாத அளவுக்குப் புகையை முதலில் குறைத்துக்கொள்வார்கள். பிறகு ஒவ்வொரு படியாகத் திருகிக்கொண்டே வந்து, கூடு ஒழுங்காக விழத் தொடங்கியதும், அழுக்குக்கும் மழைக்கும் ஈடு கொடுப்பதற்காக இன்னும் இரண்டு படி திருகி நிறுத்துவார்கள். அந்த இரண்டு படியில் நல்ல அறிவு இருக்கிறது. தோளுக்குச் சுகமாக இருக்கிறது என்பதற்காக எல்லையிலேயே நிறுத்தினால், நல்ல நாளில் வேலை செய்யும் துப்பாக்கி கெட்ட நாளில் கைவிட்டுவிடும்.

*  *  *

இவ்வளவு நுட்பமாகக் கவனித்தும் பஃபரால் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டு. அது வேலையைத் தொடங்கும்போது குண்டு குழலை விட்டுப் போய்விட்டது. பஃபர் பின்னால் போய் முன்னால் வந்து ஓய்வதற்குள் குண்டு ஐம்பது மீட்டரைத் தாண்டியிருக்கும். பின்னால் வருவதை மிருதுவாக்க அது வல்லது. முன்னால் போனதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்சாஸ் ரைபிளின் குண்டு சுமார் 4 கிராம். ரைபிளோ 4 கிலோவுக்குச் சற்று மேல். குண்டு விநாடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் வெளிப்படுகிறது. நியூட்டன் சொன்ன எதிர்த் தள்ளலையும், வாய் வழியே பீறிடும் புகையின் பங்கையும் சேர்த்தால், ரைபிள் பின்னால் வரும் வேகம் விநாடிக்கு ஒன்றரை மீட்டர் அளவில் இருக்கும். அப்படியானால் தோளுக்கு வரும் சக்தி நாலைந்து ஜூல். ஒரு கிலோ எடையுள்ள தேங்காய் ஒன்றரை அடி உயரத்திலிருந்து விழுந்தால் எவ்வளவோ அவ்வளவு. குண்டு எடுத்துக்கொண்டு போகும் சக்தியோ சுமார் 1,600 ஜூல். அதே தேங்காய், ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான உயரத்திலிருந்து விழுவதற்குச் சமானம். அதுவும் ஒரு விரல்நுனி அகலத்தில்!

தள்ளல் இரு பக்கமும் சமம்தான், தீங்கு சமமில்லை. ஆனால் மனிதனுடைய கவனம் எந்தப் பக்கம் அதிகமாகப் போயிருக்கிறது என்று பாருங்கள். தோள் நம்முடையது, வலித்தால் உடனே புகார் செய்கிறது. 20 கிராம் டங்ஸ்டன் வைத்தும் எடுத்தும் அதைச் சமாதானப்படுத்துகிறோம்.

இப்போது குழந்தைகளின் கேள்விக்கு வருவோம். குண்டு எவ்வளவு தூரம் போகும்?

*  *  *

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் வழியில், புதுக்கோட்டைக்குச் சற்று முன்னால் நார்த்தாமலைக் குன்றுகள் தெரியும். விஜயாலய சோழீச்சுரம் என்ற பழங்கற்றளி அந்தக் குன்றின்மேல்தான் இருக்கிறது. முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பங்குனித் திருவிழாவில் ஜனங்கள் திரள் திரளாக வருவார்கள். அந்தப் பாறைகளுக்கு நடுவே பசுமலைப்பட்டியில் துப்பாக்கி சுடும் பயிற்சிக்களம் ஒன்று இருந்தது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி அங்கே மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். சுமார் இரண்டு கிலோ மீட்டருக்கு அப்பால் தாத்தா வீட்டில் இருந்த பதினோரு வயதுப் பையன் ஒருவனுடைய தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. புதுக்கோட்டையிலும் பிறகு தஞ்சாவூரிலும் சிகிச்சை செய்தார்கள். 2022 ஜனவரி 3-ஆம் தேதி அவன் இறந்துபோனான். களத்தில் பயிற்சி நிறுத்தப்பட்டது. முதலமைச்சர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார்.

அந்தப் பையனும் என்றாவது திருமயத்துப் பீரங்கியைத் தொட்டுப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய வயதினன்.

யாருடைய ரைபிளும் அன்று சரியாக உதைக்கவில்லை என்று ஒருவரும் புகார் சொன்னதில்லை. பின்பக்கத்துப் பஃபர்கள் எல்லாம் தம் வேலையைச் செவ்வையாகச் செய்திருக்கும். வேண்டியிருந்தது முன்பக்கத்துப் பஃபர். அதில் டங்ஸ்டனும் இல்லை, எண்ணெயும் இல்லை; மண்தான் இருக்கிறது. குறிப்பலகைக்குப் பின்னால் உயரமாக எழுப்பிய மண்மேடு, அதில் கல் கலவாத மண். கருங்கல்லின்மேல் சாய்வாகப் படும் குண்டு, குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லைப்போல் திசை மாறித் தாவும். அந்தச் சீமையிலோ எங்கே திரும்பினாலும் கருங்கல். மேட்டையும் தாண்டிப் போகிற குண்டுக்காக, அதற்குப் பின்னால் இரண்டு மூன்று கிலோ மீட்டருக்கு ஆள் நடமாட்டமில்லாத வெற்றிடம். அந்த எல்லையில் செங்கொடி, காவலாள், ஊருக்கு முன்கூட்டியே தண்டோரா. இவையெல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பஃபர்.

இதையும் சீராக அமைக்கவேண்டும், அமைத்தபின் சோதிக்கவேண்டும். களம் போட்ட காலத்தில் வெறும் காடாக இருந்த இடத்தில் இன்று வீடுகள் இருக்கலாம். அன்று எடுத்த அளவு இன்றைக்குப் போதாது. பழைய துப்பாக்கிக்காக வகுத்த எல்லை புதிய துப்பாக்கிக்குக் குறுகிப்போகலாம். ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று ஆயுதப் பணியாளர் பார்ப்பதுபோல், எல்லை தளர்ந்திருக்கிறதா என்று ஆண்டுக்கு ஆண்டு பார்க்கவேண்டாமா? ஜவான்கள் அழுக்குக்கும் மழைக்கும் ஈடாக இரண்டு படி அதிகம் திருகியதுபோல், ஒரு பிழைக்கும் ஒரு தவறுக்கும் ஈடாக இன்னும் இரண்டு முழம் மேடு உயர்த்தினால் என்ன குறைந்துவிடும்?

*  *  *

ஆயுதப் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் நம் மக்கள் கையிலிருந்து துப்பாக்கியைப் பறித்தபோது, அது நம் மானத்துக்கு நேர்ந்த இழுக்கு என்று தேசபக்தர்கள் குமுறினார்கள். 1966-இல் திருச்சியில் நம்முடைய துப்பாக்கித் தொழிற்சாலையே எழும்பியது. இன்சாஸ் ரைபிள் அங்கேயும் உருவாகியது. இதில் பெருமைப்பட நியாயம் உண்டு. தேசத்தைக் காப்பவர்களுக்குப் பயிற்சி வேண்டும். அவர்கள் தோளுக்கு மெத்தையும் வேண்டும்.

ஆனால் அந்நியன் கையில் துப்பாக்கி இருந்த காலத்தில், குண்டு யார்மேல் பாய்கிறது என்று அவன் கவலைப்படவில்லை. நம் கையில் இருக்கும்போது அந்தக் கவலை நம்முடையது. முன்னே இருக்கும் ஊரும் நம்முடைய ஊர். அந்தத் தாத்தா வீடும் நம் வீடு. அந்த ஊருக்குத் தோளைப்போல் உடனே புகார் செய்யத் தெரியாது. ஆகையால் அது வலிக்கும் முன்பே நாம்தான் மெத்தை போடவேண்டும்.

அடுத்த தடவை திருமயத்தில் குழந்தைகள், "குண்டு எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்டால், ஏதோ ஒரு தூரத்தைச் சொல்லிச் சமாளிக்காதீர்கள். "நாம் தடுத்து நிறுத்துகிற வரையில் போகும்" என்று சொல்லுங்கள்.